ஆளுமைத் தேர்வு: திருச்சிக்காரரிடம் தில்லி என்ன கேட்கும்?

நாம் 'ஐ.ஏ.எஸ். இன்டர்வியூ' என்று சொல்வதற்கு யு.பி.எஸ்.சி. தன் அறிவிப்பில் வைத்திருக்கும் பெயர் ஆளுமைத் தேர்வு. பெயரைக் கேட்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அறிவைச் சோதிக்கிறார்கள் என்றால் படித்துவிட்டுப் போகலாம். ஆளுமையைச் சோதிக்கிறோம் என்றால் எந்தப் புத்தகத்தைப் படிப்பது? ஒருவர் இருபத்தைந்து வருஷமாக வளர்ந்த விதத்தை அரை மணி நேரத்தில் எப்படி எடை போடுவார்கள்?

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சில பிள்ளைகள் வருவார்கள். தெரிந்தவர்கள் வழியாக வருகிறவர்கள்தான். மெயின்ஸ் தேறி, தில்லிக்குக் கிளம்பும் முன், 'சார், ஊரைப் பத்தி ஏதாவது கேட்டுப் பாருங்க' என்பார்கள். நான் கோச்சிங் சென்டர் நடத்துபவன் இல்லை. உள்ளூர் வரலாறு படிப்பவன். அவர்களோடு பேசிப் பேசி எனக்குத் தெளிவான சில விஷயங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கு. 2023-ஆம் ஆண்டுத் தேர்வை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். பிரிலிம்ஸ் எழுத வந்தவர்கள் 5,92,141 பேர். மெயின்ஸுக்குத் தேறியவர்கள் 14,624. இன்டர்வியூவுக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,855. கடைசிப் பட்டியலில் பெயர் வந்தவர்கள் 1,016. அதாவது அந்தக் கடைசிக் கதவு வரை போன மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். திரும்பியவருக்கு அடுத்த வருஷம் எந்தச் சலுகையும் கிடையாது. மறுபடி பிரிலிம்ஸிலிருந்துதான். வயசும் வாய்ப்பும் மிச்சம் இருந்தால்!

இதைப் பார்த்துவிட்டு 'எல்லாமே இன்டர்வியூலதான் இருக்கு' என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. அது பாதி உண்மைதான். மெயின்ஸுக்கு 1750, இன்டர்வியூவுக்கு 275, மொத்தம் 2025 மதிப்பெண். இன்டர்வியூவில் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் இல்லை. அதே 2023-இல் பொதுப் பிரிவினருக்கு மெயின்ஸ் கட்-ஆஃப் 741, இறுதி கட்-ஆஃப் 953. இரண்டையும் கழித்துப் பாருங்கள், 212 வரும். மெயின்ஸில் விளிம்பில் தேறிய ஒருவர் இறுதிப் பட்டியலுக்குள் வரவேண்டுமென்றால் இன்டர்வியூவில் 212 வாங்க வேண்டும். அந்த வருஷம் நாட்டிலேயே முதலிடம் பிடித்த ஆதித்யா ஸ்ரீவஸ்தவா வாங்கியது 200! எழுத்துத் தேர்வில் 899 எடுத்திருந்தார், அதுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. ஆக, மெயின்ஸில் கோட்டை விட்டதை இன்டர்வியூ மீட்டுத் தராது. ஆனால் மெயின்ஸில் 790, 800 என்று நடுவில் நிற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு 150-க்கும் 180-க்கும் இடையிலான வித்தியாசம்தான் ஐ.ஏ.எஸ்.ஸா, வேறு சர்வீஸா, அல்லது திரும்பவும் திருச்சி ஜங்ஷனா என்பதைத் தீர்மானிக்கும்.

சரி, என்ன பார்க்கிறார்கள்? யு.பி.எஸ்.சி. அறிவிப்பில் இதற்கென்றே சில பத்திகள் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிறவர்களே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதன் சாரம் இது: உங்கள் பாட அறிவையோ பொது அறிவையோ சோதிப்பது இதன் நோக்கம் அல்ல, அதை எழுத்துத் தேர்விலேயே பார்த்தாயிற்று. இது குறுக்கு விசாரணையும் அல்ல. இயல்பான, ஆனால் ஒரு நோக்கத்தோடு நடத்தப்படும் உரையாடல். மனதின் விழிப்பு, எதையும் அலசிப் பார்க்கும் திறன், தெளிவாகவும் தர்க்கத்தோடும் எடுத்துச் சொல்வது, சீர்தூக்கிப் பார்ப்பது, பலவற்றில் ஈடுபாடு, மனிதர்களை இணைத்துக்கொண்டு போகும் தன்மை, நேர்மை ஆகியவற்றைக் கவனிப்பார்கள்.

இடம் தில்லி ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸ். ஒரு காலத்தில் தோல்பூர் ராஜாவின் மாளிகை. யு.பி.எஸ்.சி. உறுப்பினர் ஒருவர் தலைமை, கூட நான்கு பேர். எந்த போர்டு என்பது அன்றைக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். உங்கள் மெயின்ஸ் மதிப்பெண் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது நீங்களே பூர்த்தி செய்து கொடுத்த விரிவான விண்ணப்பத்தின் விவரங்கள். பிள்ளைகள் இதை 'டாஃப்' என்பார்கள். பிறந்த ஊர், படித்த கல்லூரி, வேலை, பொழுதுபோக்கு, வாங்கிய பரிசு என எல்லாம் அதில் இருக்கும். கேள்விகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் முளைக்கும்.

அதில் ஊர்ப்பெயர் என்ற கட்டம் இருக்கிறதே, அதைத்தான் நம் பிள்ளைகள் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். 'பொறந்து வளர்ந்த ஊர்தானே சார், அதுல என்ன இருக்கு?' திருச்சி என்றதும் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை, பெல் என்று நாலு பெயர் சொல்வார்கள். ராஜகோபுரம் எத்தனை அடி என்றால் 236 என்று பட்டென்று வரும். அடித்தளம் போட்டு நானூறு வருஷம் மொட்டையாக நின்ற கோபுரம் 1987-இல் எப்படி முடிந்தது, யார் பணம், யார் முயற்சி என்று அடுத்த கேள்வி கேட்டால் சத்தம் இருக்காது. பெரிய மனிதர்கள் அமர்ந்து அரை மணி நேரம் செலவழிப்பது உயரத்தைத் தெரிந்துகொள்ள அல்ல. இத்தனை வருஷம் அதன் நிழலில் நடந்தவருக்கு ஒரு தடவையாவது 'ஏன்?' என்று தோன்றியதா என்று பார்ப்பார்கள்.

முக்கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். திருச்சிக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி, நடுவில் இருக்கும் தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். பிக்னிக் போன இடம் எல்லோருக்கும் தெரியும். அங்கே அணை எதற்கு? கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் மேலும் மேலும் கொள்ளிடத்துப் பக்கம் போய், காவிரியில் மண் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கியது அந்தத் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பத்தான். மணல் படுகையில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டவர்.

இதுவரை சொன்னால் நல்ல மாணவர். போர்டு இங்கே நிற்காது. 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. ஏன் போச்சு? ஒரு பையன் சட்டென்று 'மணல் கொள்ளை சார்' என்றான். இன்னொரு பெண் 'பழைய கட்டுமானம், அதிக வெள்ளம்' என்றாள். விவசாயிகள் தரப்பில் மணல் அள்ளியதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அன்றைய அரசு அதை மறுத்தது. கிட்டத்தட்ட 180 வயதான அணை, பல நாள் பெருவெள்ளம், படுகையின் நிலை, பராமரிப்பு எல்லாமே மேஜை மேல் இருக்கும்போது ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிப்பது, அது எவ்வளவு நியாயமான கோபமாக இருந்தாலும், அதிகாரியின் பார்வை ஆகாது. நான் அந்தப் பையனிடம் கேட்டேன்: 'தம்பி, நாளைக்கு நீ இங்க கலெக்டர். விவசாய சங்கத் தலைவர் இதையேதான் சொல்றார், பொதுப்பணித்துறை இன்ஜினியர் இல்லேங்கறார். நீ யாரை நம்புவ?' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: 'ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, படுகை ஆழத்தை அளந்த பழைய பதிவேடு இருந்தா கேப்பேன் சார்.' அந்த ஒரு வாக்கியம் முன்னே சொன்ன முழக்கத்தைவிடப் பத்து மடங்கு மேல்.

காந்தி மார்க்கெட்டும் இப்படித்தான். நெரிசல் தாங்கவில்லை என்று மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் கோடிக்கணக்கில் செலவழித்துப் புது மார்க்கெட் கட்டினார்கள். தூரம், கடையின் அளவு என்று காரணம் சொல்லி வியாபாரிகள் போக மறுத்தார்கள். கட்டடம் இருக்கிறது, கத்தரிக்காய் பழைய இடத்திலேயே விற்கிறது. இதை விடச் சிறந்த ஆட்சியியல் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஒரு விடியற்காலை நாலு மணிக்குக் காந்தி மார்க்கெட் போய், லாரியிலிருந்து மூட்டை இறக்குபவரிடம் 'ஏங்க, நீங்க ஏன் அங்க போகல?' என்று கேட்டுவிட்டு வந்தவர் சொல்லும் பதில் தனியாகத் தெரியும்.

பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் 'கதை வாசித்தல்' என்று போடாத ஸ்ரீரங்கத்துப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. பிடித்த எழுத்தாளர் சுஜாதா. பழி அவர் மேல் இல்லை. தில்லியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுஜாதாவைத் தெரியாது. யார் அவர் என்பார். 'தமிழ் எழுத்தாளர், நிறைய எழுதினார்' என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'எங்கள் ஊரில் வளர்ந்தவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர்' என்றால் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். அடுத்த கேள்வி தேர்தலுக்குப் போகும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும். அந்த இயந்திரம் முதலில் 1982-இல் கேரளத்துப் பரவூர் தொகுதியில் சில வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு கதைப் புத்தகத்திலிருந்து சட்டத் திருத்தம் வரை நாலு வாக்கியத்தில் போய்ச் சேரலாம். அறிவிப்பில் சொல்லும் 'நோக்கத்தோடு நடத்தப்படும் உரையாடல்' இதுதான்.

இதே தீவில் பிறந்த ஒருவர் இந்த மாதிரித் தேர்வுக்குப் போன கதையும் உண்டு. திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன். ஐ.சி.எஸ். எழுத இங்கிலாந்து போக வேண்டும். அந்தக் குளிர் இந்த உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்தியாவிலேயே நடந்த நிதித்துறைத் தேர்வை எழுதி, 1907-இல் முதலிடம் பிடித்து, பதினெட்டு வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். நேர்காணலுக்கு வந்திருந்த மற்றவர்களை ஒரு பார்வை பார்த்ததுமே தான்தான் முதலாவது என்று தெரிந்துவிட்டதாக அவர் பின்னாளில் சொன்னாராம். இன்றைக்கு யாராவது அதை வாய்விட்டுச் சொன்னால் மார்க் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன். ராமனுக்குச் செல்லும்!

கடினமான கேள்விகளும் வரலாம். ஸ்ரீரங்கம் என்று போட்டிருப்பவர் ராஜகோபுரத்துக்கு எதிரே உள்ள பெரியார் சிலையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? 2006 டிசம்பரில், திறக்கும் முன்பே சிலை உடைக்கப்பட்டது. பதற்றம். பிறகு வேறு சிலை வைக்கப்பட்டது. இன்றைக்கு இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன, நடுவில் பஸ்ஸும் ஆட்டோவும் போகின்றன. இந்தக் கேள்வியை நான் கேட்டால் சில பிள்ளைகளுக்குக் குரல் உயரும், சிலருக்கு அடங்கிப்போகும். வீட்டில் என்ன பேசினார்களோ அது வெளியே வரும். ஆனால் கேள்வி நம்பிக்கையைப் பற்றியதே அல்ல. அன்றைக்கு நீங்கள் கோட்டாட்சியராக இருந்திருந்தால் முதல் ஆறு மணி நேரத்தில் என்ன செய்திருப்பீர்கள்? யாரைக் கூப்பிட்டுப் பேசுவீர்கள்? அனுமதி யார் கொடுத்தது, நீதிமன்ற உத்தரவு ஏதும் உண்டா என்று பார்ப்பீர்களா? கருத்து உங்களுக்கு இருக்கலாம், கேட்டால் மறைக்காமல் சொல்லவும் செய்யலாம். கருத்து வேறு, கடமை வேறு என்பது பதிலில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளிடம் இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். இருபது வருஷம் அப்படி வளர்த்துவிட்டு, அறுபது வயதைத் தாண்டிய ஐந்து பேருக்கு முன்னால் உட்கார வைத்து 'இதுல உன் அபிப்பிராயம் என்ன?' என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஒன்று, 'நீங்க சொல்றது சரிதான் சார்' என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டும். இல்லாவிட்டால் பட்டிமன்ற மேடைக்குப் போய்விடும். பட்டிமன்றம் நம் ஊரின் பெரிய பேச்சுப் பள்ளிக்கூடம், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு கட்சியை எடுத்துக்கொண்டு ஜெயிக்கக் கற்றுக்கொடுக்கும். தோல்பூர் ஹவுஸில் எதிர்க்கட்சி கிடையாது, நடுவர் மட்டும் ஐந்து பேர். 'நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு சார், ஆனா எனக்கு இப்படித் தோணுது' என்று மரியாதை குறையாமல் மறுப்பதை வீட்டில் அப்பாவிடம், சித்தப்பாவிடம் பழகிப் பார்க்கச் சொல்வேன். வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

தெரியாததற்குத் 'தெரியவில்லை' என்று சொல்வதும் இதே ரகம். பள்ளிக்கூடத்தில் தெரியாது என்றால் பெஞ்சு மேல் ஏற்றினோம். அதனால் எதையாவது உளறிச் சமாளிக்கும் பழக்கம் வந்துவிட்டது. பொய்யாக ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துவிடும் அதிகாரி எவ்வளவு ஆபத்தானவர் என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முப்பது வருஷ அனுபவத்தில் தெரியும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பெரிய பயம் அதுதான். 1979-இல் கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி தேர்வு மாறியபோது மெயின்ஸைத் தமிழில் எழுத வழி பிறந்தது. ஆர். பாலகிருஷ்ணன் தேர்வை முழுக்கத் தமிழில் எழுதி வென்ற முதல் ஆள். 1984-இல் ஒடிசா பணிக்குப் போனார். சிந்துவெளி ஆய்வாளராகப் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். மெயின்ஸைத் தமிழில் எழுதியவர் இன்டர்வியூவைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதியவர் ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும் என்று முன்பு இருந்தது. 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது. இன்ஜினியரிங் படித்து, மெயின்ஸை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, யோசிப்பதெல்லாம் தமிழில் யோசிக்கும் பிள்ளைகள் திருச்சியில் ஏராளம். இப்படி ஒரு கதவு இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

தமிழில் பேசினால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூட இருப்பார். நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனால் பழமொழி, சிலேடை, அடுக்கு மொழி எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேராது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். மதகு, கதவணை போன்ற சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது. என் அபிப்பிராயம்: முக்கொம்பைப் பற்றி எந்த மொழியில் தடுக்காமல் பத்து நிமிஷம் பேச வருகிறதோ, அதைத் தேர்ந்தெடுங்கள். கௌரவத்துக்காக எதையும் எடுக்காதீர்கள், தமிழையும்கூட.

இதெல்லாம் சொன்னாலும், அரை மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவு எடை நியாயமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. 1985-இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஹரியானா தேர்வாணையம் நேர்காணலுக்குப் பொதுப் பிரிவில் 22.2 சதவீதமும் முன்னாள் ராணுவத்தினருக்கு 33.3 சதவீதமும் வைத்திருந்தது. இது அதிகம், வேண்டியவர்களை உள்ளே இழுக்க வழி செய்யும் என்று நீதிமன்றம் கருதியது. யு.பி.எஸ்.சி. வைத்திருக்கும் 12.2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றது. அன்றைக்கு யு.பி.எஸ்.சி.யில் 2050-க்கு 250. வேடிக்கை என்னவென்றால், முன்மாதிரியாகக் காட்டப்பட்ட யு.பி.எஸ்.சி.யே பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. 1993-இல் 2300-க்கு 300, அதாவது 13.04. 2013-இலிருந்து 2025-க்கு 275, அதாவது 13.58. நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-இல் 850-க்கு 100, அது 12-க்குக் கீழே. நேர்காணலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றையும் மார்க்கெட்டையும் பற்றி ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பது விடைத்தாளில் முழுதாகத் தெரியாது. ஆனால் இந்தச் சதவீதம் இனி ஒரு புள்ளிகூட ஏறக் கூடாது. நல்ல பள்ளி, சரளமான ஆங்கிலம், அதிகாரிகள் வந்து போகும் வீடு, இவை இருப்பவருக்கு அந்த அறை அந்நியமாகத் தெரியாது. மணப்பாறையிலிருந்தோ லால்குடியிலிருந்தோ போகும் முதல் தலைமுறைப் பிள்ளைக்குக் கதவைத் திறக்கும் கைப்பிடியே அந்நியம்.

கடைசியாக நடைமுறை விஷயம் ஒன்று. இன்டர்வியூ தில்லியில் மட்டும்தான், பெரும்பாலும் குளிர் முடியாத மாதங்களில். திருக்குறள் எக்ஸ்பிரஸோ சம்பர்க் கிராந்தியோ ஏறினால் ரெண்டு ராத்திரிப் பயணம். திருச்சி வெயிலில் வளர்ந்தவர்கள் ரெண்டு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடுங்கள், தொண்டை கட்டினால் எல்லாம் போச்சு. அசல் சான்றிதழ்களைத் தனிப் பையில் வையுங்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்புக் கட்டணத்தை யு.பி.எஸ்.சி. திருப்பித் தரும். அதற்கு ஒரு படிவம் உண்டு, டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.